கார் ஸ்டீரியோ சரியாகப் பாடவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடும் வழி

குறைந்த செலவில் காரில் நல்ல ஒலி அமைத்துக்கொள்ள முடியும். அப்படி அமைத்த பல கார்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒலி கெட்டிருந்த இடங்களில் பொருள் மட்டமாக இருந்தது குறைவு. பொருத்திய விதத்தில்தான் பிழை இருந்தது. ஒரு ஒயர் இடம் மாறியிருக்கும், எர்த் ஒயர் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், கதவுக்குள் ஓட்டை திறந்து கிடக்கும். இவற்றைச் சரிசெய்யச் செலவே கிடையாது, இருந்தாலும் மிகக் குறைவு. அதனால் பெரிய ஸ்பீக்கர், பெரிய ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) என்று போகும் முன் இந்த வழியில் ஒரு முறை நடந்து பாருங்கள்.

முதல் பகுதியை எல்லோரும் படித்துவிடுங்கள். அப்புறம் உங்கள் காரில் என்ன கேட்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

கை வைக்கும் முன்

தேவையானவை கொஞ்சம்தான்: சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்று, இரண்டு மூன்று மீட்டர் உதிரி ஒயர், இன்சுலேஷன் டேப், நன்றாகப் பாடும் என்று தெரிந்த ஒரு பழைய ஸ்பீக்கர். டெஸ்ட் டோன் ஒலிகளை ஃபோனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயரைக் கழற்றும் வேலை என்றால் பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றுங்கள். சில கார்களில் பேட்டரி போனால் ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும். அது கையில் இருக்கட்டும். மஞ்சள் நிறக் கனெக்டர் தென்பட்டால் கை வைக்க வேண்டாம். ஏர்பேக் இணைப்புகளுக்கு வழக்கமாக அந்த நிறம்தான். டேஷ்போர்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் அது இருக்கும்.

இன்னொன்று, ஸ்பீக்கரின் நெகடிவ் ஒயரை எர்த் என்று நினைத்துக் கார் பாடியில் இணைக்கவே கூடாது. இன்றைய ஹெட் யூனிட்டுகளில் (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சிக்னல் ஓடுகிறது. பாடியில் பட்டால் உள்ளே இருக்கும் ஆம்ப் சிப் எரிந்துபோகலாம்.

கோளாறைத் தேடும் முறை ஒன்றுதான்: இடம் மாற்றிப் பார்ப்பது. இடது ஸ்பீக்கர் பாடவில்லை என்றால் ஹெட் யூனிட்டின் பின்னால் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். இப்போது வலது பக்கம் ஊமையானால் கோளாறு ஹெட் யூனிட்டில். இடது பக்கமே ஊமையாக இருந்தால் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ. எந்தத் தலைப்புக்குப் போனாலும் இந்த ஒரு சோதனை உங்களுடனே வரும்.

ஸ்டீரியோவுக்கு உயிரே இல்லை

ஃபியூஸ் இரண்டு இடத்தில் இருக்கும்: காரின் ஃபியூஸ் பெட்டியில் ஒன்று, ஹெட் யூனிட்டின் முதுகில் ஒன்று. இரண்டையும் பாருங்கள். பிறகு ஒயரிங்கில் மல்டிமீட்டரை வையுங்கள். ஹெட் யூனிட்டோடு வரும் ஒயர்களில் மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட், சிவப்பில் சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட், கறுப்பு எர்த். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்பை எழுப்பும் ரிமோட் ஒயர்.

ஹெட் யூனிட் வேலை செய்கிறது, ஆம்ப் மட்டும் எழவில்லை என்றால் அந்த ரிமோட் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது, பேட்டரி பக்கத்து ஃபியூஸும் நல்லபடி இருக்கிறது என்றால் அடுத்த சந்தேகம் எர்த்.

ஒரு பக்கம் விட்டு விட்டுப் பாடுகிறது

கதவைத் திறந்து மூடும்போது ஒலி போய்ப் போய் வருகிறதா? கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் ஒயர் உடைந்திருக்கும். ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிரும் இடம் அது. மேலே இன்சுலேஷன் முழுசாகத் தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஸ்பீக்கர் ஒயரை ஹெட் யூனிட்டிலிருந்து கழற்றி, அந்த முனையில் ஓம் அளந்தபடி கதவை ஆட்டுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் ஏறக்குறைய 3.2 முதல் 3.8 வரை காட்டி அங்கேயே நிற்க வேண்டும். எண் குதித்தால் ஒயர் அல்லது முனை லூஸ். எண்ணே வரவில்லை என்றால் ஒயரோ, ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலோ அறுந்துவிட்டது.

அளவு சரியாக இருந்தும் கரகரப்பு வந்தால், ஸ்பீக்கரின் முன்னால் அசையும் கோனின் விளிம்பை இரண்டு பக்கமும் விரலால் மெதுவாக, சமமாக அழுத்தி விடுங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் காந்த இடைவெளியில் தேய்கிறது. அந்த ஸ்பீக்கரின் காலம் முடிந்தது.

பேஸே இல்லை, ஒலி மெலிந்து கிடக்கிறது

புது ஸ்பீக்கர் போட்டவர்கள் அதிகம் சொல்லும் குறை இதுதான். என் முதல் காரில் எனக்கும் இதே குறை இருந்தது. ஸ்பீக்கருக்குச் சக்தி போதவில்லை என்று முடிவு செய்து பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபர் ஒன்றை வாங்கி வைத்தேன். பல மாதம் கழித்து வேறு வேலையாகக் கதவைத் திறந்தபோதுதான் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது தெரிந்தது. அதை மாற்றியதும் கதவிலிருந்தே பேஸ் வந்தது. அந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பார்ப்பது எளிது. பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டு பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள். பேஸ் இருக்கிறதா? இருக்கிறது. முழுக்க வலது பக்கம்? அங்கேயும் இருக்கிறது. நடுவில் கொண்டு வந்ததும் காணாமல் போகிறது என்றால் ஒரு ஸ்பீக்கர் தலைகீழாக இணைந்திருக்கிறது. ஒன்று காற்றை முன்னால் தள்ளும் நேரத்தில் மற்றொன்று பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. பாடகர் குரலும் ஓர் இடத்தில் நிற்காமல் காரெங்கும் கரைந்து பரவியிருக்கும்.

எது தலைகீழ் என்று கண்டுபிடிக்க ஸ்பீக்கர் ஒயரை ஹெட் யூனிட்டிலிருந்து கழற்றிவிட்டு, பென்சில் செல்லின் பிளஸை பிளஸ் ஒயரிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே குதித்தால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. ஆம்ப் இணைந்திருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

சரி, பிளஸ் மைனஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் பேஸ் இல்லை. அப்படியானால் கதவைப் பாருங்கள். கதவு ஸ்பீக்கருக்கு அதுதான் பெட்டி. கோனின் முன்பக்கம் எழும் ஒலிக்கு நேர் எதிரான ஒலி பின்பக்கம் எழுகிறது. உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருந்தால் பின்பக்க ஒலி அந்த வழியே வந்து முன்பக்க பேஸை விழுங்கிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கர் போட்டாலும் இது மாறாது.

முதலில் ஸ்பீக்கர் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்றுக் கசியாதபடி ஃபோம் டேப் வையுங்கள். ஸ்பீக்கர் மெல்லிய தகட்டில் நேராக உட்காராமல் கெட்டியான வளையத்தின் மேல் உட்காரட்டும். எம்.டி.எஃப். (மரத்தூள் பலகை) வளையம் கதவின் ஈரத்தில் ஊதிப்போகும். பிளாஸ்டிக் வளையம் நல்லது, பிளைவுட் என்றால் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்துப் போடுங்கள். பிறகு உள்தகட்டு ஓட்டைகளை, அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டால் மூடுங்கள். பெரிய ஓட்டைக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடு வைத்து அதன்மேல் ஒட்டினால் ஷீட் துடிக்காது. கடைசியாக, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் வெளித்தகட்டின் உள்முகத்தில் ஒரு துண்டு. தகடு முழுவதையும் போர்த்த வேண்டாம். நடுப்பகுதியில் கால் பங்கு பரப்பை மூடினாலே தகரச் சத்தம் பெருமளவு அடங்கிவிடும். மீதி ஷீட்டை அடுத்த கதவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றை மட்டும் மூடிவிடாதீர்கள், கதவு துருப்பிடிக்கும். டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டையும் கிழித்து எறிய வேண்டாம். கண்ணாடி வழியே இறங்கும் நீரைத் தடுப்பது அதுதான்.

என் கணக்கில், கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால் அது முதலில் போக வேண்டிய இடம் கதவு. சுமாரான ஸ்பீக்கர் நல்ல கதவில் நன்றாகப் பாடும். நல்ல ஸ்பீக்கர் ஓட்டைக் கதவில் பாடாது.

பேஸ் வந்தால் கதவு கடகடவென்று அதிர்கிறது

ஃபோனில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனைப் போட்டுவிட்டு, ஒருவர் கதவின் ஒவ்வோர் இடத்தையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வரட்டும். எந்த இடத்தை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் லூஸ். டோர் பேடின் கிளிப் உடைந்திருக்கும், பூட்டுக் கம்பி தகட்டில் இடிக்கும், ஒயர் கட்டு தொங்கும். ஃபோம் டேப் போதும். பல நேரங்களில் சத்தம் கதவிலிருந்தே வராது. நம்பர் பிளேட்டும் டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் சில்லறைச் சாமானும்கூட இதைச் செய்யும்.

என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'உய்ங்' சத்தம்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தத்தின் சுருதி ஏறுகிறதா? அது ஆல்டர்னேட்டரின் சத்தம். ஆடியோ வழிக்குள் நுழைந்துவிட்டது. உடனே ஃபில்டர் வாங்க ஓட வேண்டாம், நுழைந்த வழியைக் கண்டுபிடித்து மூடுங்கள்.

ஸ்டீரியோவை அணைத்து, ஆம்பில் செருகியிருக்கும் ஆர்.சி.ஏ. கேபிள்களை (ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டு வருபவை) உருவிவிட்டு, மறுபடி ஸ்டீரியோவைப் போட்டு என்ஜினை ஓட விடுங்கள். சத்தம் அப்படியே இருக்கிறது என்றால் கோளாறு ஆம்பின் பவர் அல்லது எர்த் பக்கம். எர்த் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்துப் பெயின்ட்டை உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். எர்த் ஒயர் பவர் ஒயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்த வேண்டாம், அது உயிர் காக்கும் போல்ட். சுரண்டிய இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் அல்லது பெயின்ட் தடவினால் துரு வராது. பாட்டுச் சத்தமாக ஓடும்போது ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவில் வோல்ட் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இன்னும் சரியாகவில்லை.

கேபிளை உருவியதும் சத்தம் நின்றுவிட்டதா? ஆம்ப் நல்லபடி இருக்கிறது. கேபிளிலோ ஹெட் யூனிட்டிலோ தேட வேண்டும். சார்ஜரில் போடாத ஃபோனை ஒரு கேபிளால் ஆம்பில் நேராக இணைத்துப் பாடவிடுங்கள். அமைதியாக இருக்கும். இப்போது வேறொரு ஆர்.சி.ஏ. கேபிளை சீட்டுகளின் மேலேயே போட்டு ஹெட் யூனிட்டை ஆம்போடு இணைத்துப் பாருங்கள். அப்போதும் அமைதி என்றால் பழைய கேபிள் பவர் ஒயரோடு ஒட்டி ஓடுகிறது, அல்லது கெட்டிருக்கிறது. பவர் ஒயர் காரின் ஒரு பக்கக் கதவுப் படி ஓரமாகவும் ஆர்.சி.ஏ. மறு பக்கமாகவும் போகட்டும்.

புதுக் கேபிளிலும் சத்தம் வருகிறதா? ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை ஹெட் யூனிட்டின் உலோக உடம்பிலும், மறு முனையை ஆர்.சி.ஏ. பிளக்கின் வெளி வளையத்திலும் தொடுங்கள். அந்த நொடியே சத்தம் நின்றால், ஹெட் யூனிட்டுக்குள் ஆர்.சி.ஏ. எர்த் பாதை அறுந்திருக்கிறது. ஹெட் யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளை மாற்றிச் செருகுகையில் இப்படி ஆவதுண்டு. அந்த ஒயரையே நிரந்தரமாகக் கட்டிவிட்டால் ஹெட் யூனிட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஃபோனைச் சார்ஜரில் போட்டால் மட்டும் சத்தம் வருகிறது, கழற்றினால் போகிறது என்றால் அது வேறு. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் கேபிள் வழியாக ஒரு எர்த் என்று ஃபோனுக்கு இரண்டு எர்த். ஆக்ஸ் கேபிளில் போடும் சின்ன கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (இரண்டு எர்த்தையும் பிரிப்பது) இங்கே மட்டும் சரியான மருந்து.

என்ஜின் நின்றாலும் போகாத 'ஸ்ஸ்' என்ற சீறல்

ஆம்பில் இருக்கும் கெய்ன் என்ற குமிழை அதிகமாக ஏற்றி வைத்திருக்கிறீர்கள். கெய்னை இறக்கி ஹெட் யூனிட் ஒலியை ஏற்றுங்கள். அவ்வளவுதான். எப்படி வைப்பது என்பது அடுத்த பகுதியில்.

சத்தத்தை ஏற்றினால் கரகரவென்று உடைகிறது

ஆம்ப் இல்லாமல் ஹெட் யூனிட்டிலிருந்தே ஸ்பீக்கருக்குப் போகிறது என்றால் காரணம் எளிது. பெட்டியில் 50 வாட் என்று அச்சடித்திருப்பது உச்ச அளவு. காரில் கிடைப்பது 14.4 வோல்ட்தான், 4 ஓம் ஸ்பீக்கரில் அது சுத்தமாகக் கொடுக்கக்கூடியது எந்தக் கணக்கிலும் 26 வாட்டைத் தாண்டாது, நடைமுறையில் 15 முதல் 20 வாட். அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை வெட்டுப்படும். அதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். ஹெட் யூனிட்டில் ஹை பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலியை வெட்டும் வசதி) இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், பேஸ் பூஸ்ட்டை அணையுங்கள். சின்னக் கோன் ஆழ்ந்த பேஸோடு மல்லுக்கட்டாதபோது குரல் எவ்வளவு தெளிகிறது என்று நீங்களே கேட்பீர்கள். அடுத்த முறை ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டை விட சென்சிடிவிட்டியை (ஒரே சக்தியில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) பாருங்கள். 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் ஆம்பின் சக்தி இரண்டு மடங்கானதற்குச் சமம்.

தனி ஆம்ப் இருந்தும் உடைகிறது என்றால் கெய்ன். இது வால்யூம் குமிழ் கிடையாது. ஹெட் யூனிட் அனுப்பும் வோல்ட்டை ஆம்போடு பொருத்தும் குமிழ். ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம், பேஸ் பூஸ்ட் அணைப்பு, ஹெட் யூனிட் ஒலி உச்சத்தில் முக்கால் பங்கு, ஆம்பின் கெய்ன் அடியில். ஆம்ப் சப்வூஃபருக்கு என்றால் 50 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். கதவு ஸ்பீக்கருக்கு என்றால் ஃபில்டரைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு 200 ஹெர்ட்ஸ். ஏனென்றால் மலிவான மல்டிமீட்டர் பலவும் உயர்ந்த ஹெர்ட்ஸில் ஏ.சி. வோல்ட்டைத் தப்பாகக் காட்டும். ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் ஏ.சி. வோல்ட் பார்த்தபடி கெய்னை மெல்ல ஏற்றுங்கள். எங்கே நிறுத்துவது? ஆர்.எம்.எஸ். வாட்டை (உச்ச அளவு இல்லை, தொடர்ந்து தாங்கும் அளவு) ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 50 வாட், 4 ஓம் என்றால் 14.1 வோல்ட், 100 வாட் என்றால் 20 வோல்ட். ஆம்பின் வாட், ஸ்பீக்கரின் வாட் இரண்டில் எது குறைவோ அதற்கு. ஃபில்டரை மறுபடி போட மறக்க வேண்டாம்.

ஆனால் ஆம்பின் மேல் எழுதியிருக்கும் வாட்டை நம்பி இந்தக் கணக்கைப் போட்டால் ஏமாறுவீர்கள். ஆம்பில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 25 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 13.8 வோல்ட்டில் உள்ளே போவதே 345 வாட். ஏபி வகை ஆம்ப் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் ஒலியாக்கும், மீதி சூடு. டி வகை முக்கால் பங்கு தரும். அட்டையில் 1000 வாட் என்று போட்டிருந்தாலும் எல்லாச் சேனலும் சேர்த்து 200 சொச்சம் வாட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

ட்வீட்டர் காதைக் குத்துகிறது

ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) முகத்துக்கு நேராக இருந்தால் கொஞ்சம் திருப்பி, கண்ணாடியில் பட்டுத் தெறிக்காத கோணத்தில் வையுங்கள். ஒயரில் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 4 ஓம் ட்வீட்டரில் 4.7 மைக்ரோஃபாரட் ஏறக்குறைய 8,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும். 10 மைக்ரோஃபாரட் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. கெப்பாசிட்டரே இல்லாமல் இணைத்திருந்தால் ட்வீட்டர் சீக்கிரம் எரிந்துவிடும்.

ஆம்ப் நடுவில் அணைந்துபோகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது

எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் ஆம்பிலிருந்து கழற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் சிவப்பு எரிந்தால், ஆர்.சி.ஏ. கேபிளையும் உருவிப் பாருங்கள். பிறகும் மாறவில்லை என்றால் கோளாறு ஆம்புக்குள். பச்சைக்கு மாறினால் ஒவ்வொன்றாக இணையுங்கள்; எது இணைந்ததும் சிவக்கிறதோ அந்த ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது அந்த ஸ்பீக்கரின் ஓம் குறைவு. இரண்டு 4 ஓம் சப்வூஃபரைப் பக்க இணைப்பில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்தால் 2 ஓம். பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்த) ஆம்ப் பலவும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

அரை மணி நேரம் பாடிய பிறகு மட்டும் அணைந்தால் சூடு. கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பேஸ் அடிக்கும்போது அணைகிறது, ஹெட்லைட்டும் மங்குகிறது என்றால் பவர் ஒயர் மெலிது. மலிவு ஒயரில் செம்பு மேலே பூச்சாக மட்டும் இருக்கும், உள்ளே அலுமினியம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதுதான் வாங்க முடிந்தது என்றால் ஒரு படி தடிமன் கூட்டி வாங்குங்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இல்லாமல் பவர் ஒயரை இழுக்கவே கூடாது. அந்த ஒயர் எங்காவது பாடியில் பட்டால் கார் எரியும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

செட்டிங் அழிகிறது, அல்லது காலையில் பேட்டரி படுத்துவிடுகிறது

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருந்தால் ஒவ்வொரு முறை சாவி எடுத்ததும் நேரமும் ஸ்டேஷன்களும் அழியும். சில கார்களின் ஐ.எஸ்.ஓ. சாக்கெட்டிலேயே (ஸ்டீரியோவைச் செருகும் சாக்கெட்) இந்த இரண்டும் மாறி வரும். இரண்டையும் எப்போதும் இருக்கும் 12 வோல்ட்டில் இணைத்திருந்தால் செட்டிங் அழியாது, ஆனால் பேட்டரி வடியும். பூட்டி அரை மணி நேரம் ஆன காரில் இழுக்கும் மின்சாரம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டரைப் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய ஒயருக்கும் நடுவில் இணைத்து அளங்கள். அந்த நிலையில் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

புது ஸ்டீரியோ போட்டதும் எஃப்.எம். இழுக்கவில்லை

கூரையில் குட்டை ஆன்டெனா இருக்கும் கார்களில் பலவற்றுக்கு 12 வோல்ட் வேண்டும். அடாப்டரின் நீல ஒயரை ஹெட் யூனிட்டின் நீல ஒயரோடு இணையுங்கள். அது ஏற்கெனவே இணைந்திருந்தால் டேஷ்கேமையும் மலிவு சார்ஜரையும் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

சப்வூஃபர் தனியாகப் பின்னால் இடிக்கிறது

சப்பின் லோ பாஸை (உயர்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். கதவுகளின் ஹை பாஸும் அதே இடத்தில். பிறகு ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். ஓட்டுநர் சீட்டில் எதில் பேஸ் அதிகமாகக் கேட்கிறதோ அதுதான் சரி. சுவிட்ச் இல்லாவிட்டால் சப்பின் பிளஸ் மைனஸை மாற்றினாலும் அதே வேலைதான். இது சரியாக அமைந்தால் பேஸ் முன்னாலிருந்து வருவதுபோல இருக்கும்.

எல்லாம் சரி, ஆனால் பாட்டு என் பக்கக் கதவிலேயே நிற்கிறது

அந்த ஸ்பீக்கர் உங்களுக்கு அருகில் இருக்கிறது, அதன் ஒலி முதலில் வந்துவிடுகிறது. ஹெட் யூனிட்டில் டைம் அலைன்மென்ட் (ஸ்பீக்கர் ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி) இருந்தால் பயன்படுத்துங்கள். பலரும் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகிறது. தலை இருக்கும் இடத்திலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் டேப் பிடித்து அளங்கள். வித்தியாசம் 50 சென்டிமீட்டர் என்றால் அருகில் இருப்பதற்கு 1.5 மில்லி செகண்ட் தாமதம் கொடுங்கள். பிறகு ஒரே குரல் பாடும் பாட்டைப் போட்டு, குரல் டேஷ்போர்டின் நடுவுக்கு வரும்வரை சிறிது சிறிதாகக் கூட்டிக் குறையுங்கள். வந்ததும் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் பல ஹெட் யூனிட்டுகளில் இது அழிந்துவிடும்.